பைற்றர் மீனுக்கு நோய் வந்தால்

பிள்ளைகள் போத்தலில் வளர்க்கும் பைற்றர் மீனைப் பற்றி இவ்விதழில் எழுதத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். காணியையும் மாட்டையும் விட்டு வந்த ஒரு வீட்டில், பிள்ளையின் பொறுப்பில் இருக்கும் உயிர் அது ஒன்றாகவே இருக்கக்கூடும். சில குடும்பங்கள் விற்பனைக்கும் வளர்க்கின்றன. ஆகவே எழுதுகிறேன்.

இம்மீனின் தாயகம் தாய்லாந்து. அங்கே வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் ஓடாத தண்ணீரில் வாழ்வது. மேலே வந்து காற்றைக் குடிக்கும் உறுப்பு இதற்கு உண்டு. எனவே இடையிடையே மேலே வருவது நோயல்ல. நீரின் மேல் நுரை கட்டினால் தண்ணீர் பழுதாகிவிட்டதென்று ஊற்றிவிடாதீர்கள். முட்டைகளுக்காக ஆண் மீன் கட்டும் கூடு அது. செட்டையை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடப்பது, நிறம் மங்குவது, நுளம்புப் புழுவைப் போட்டாலும் திரும்பிப் பாராதது, செவுள் வேகமாக அடிப்பது ஆகியனவே நோயின் அறிகுறிகள்.

மருந்தைத் தேடமுன் தண்ணீரைப் பாருங்கள். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிச் செவுளை எரிக்கிறது. யூரியா கூடினால் பயிர் கருகுவதை அறிந்த உங்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. இரண்டு நாளுக்கொருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பவுசர் தண்ணீரானாலும் குளோரின் போட்ட கிணற்றுத் தண்ணீரானாலும், வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த பின்பே ஊற்றவேண்டும். ஒருமுறை சிறுவன் ஒருவன் கொண்டுவந்த மீனுக்கு நான் உடனே உப்புப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அது செத்துவிட்டது. பவுசரில் வந்த தண்ணீரை அப்படியே ஊற்றியிருந்தான் என்பதைப் பின்னரே கேட்டறிந்தேன். முதலில் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

உடலில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தோன்றினால் அது ஒட்டுண்ணி. மூன்று லீற்றர் தண்ணீருக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பை வேறாகக் கரைத்துச் சிறிது சிறிதாக விடுங்கள். தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை உப்பு எட்டாது. அது கழன்று நீரில் நீந்தும்போதே சாகும். ஆதலால் புள்ளி மறைந்த பின்பும் பத்து நாள்வரை தொடரவேண்டும். உப்பு ஆவியாகிப் போவதில்லை. எடுத்த தண்ணீருக்கு ஈடாக விடும் தண்ணீருக்கு மட்டுமே மீண்டும் உப்புச் சேர்க்கவேண்டும்.

செட்டையின் ஓரம் கறுத்துக் கிழிந்தால் தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினாலே பெரும்பாலும் ஆறிவிடும். புதுச் செட்டை முதலில் நிறமின்றி வளரும். வயிறு மட்டும் வீங்கினால் இரண்டு நாள் தீனி போடாதீர்கள். வயிறு வீங்கி, செதிள்களும் அன்னாசித் தோல்போல நிமிர்ந்து நின்றால் பிழைப்பது அரிது. பிள்ளைக்கு அதை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைக் கரைத்து ஊற்றவேண்டாம்.

மார்கழிக் குளிரில் போத்தலைச் சீமெந்து நிலத்தில் வையாமல் பலகைமேல் வையுங்கள், வெயிலிலும் வைக்கவேண்டாம். நோயுற்ற மீனுக்குப் பாவித்த வலையை நன்றாக வெயிலில் காயவிடாமல் அடுத்த போத்தலில் இடக்கூடாது. அந்த மீனையோ தண்ணீரையோ குளத்திலும் வாய்க்காலிலும் விடாதீர்கள்.