பேசாத பிள்ளையும் பெற்றோரின் பங்கும்



மூன்று வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல், விளையாட்டுக் காரின் சில்லையே சுழற்றிக்கொண்டிருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் உண்டா? முதலில் காது கேட்கிறதா என்று சோதிப்பியுங்கள். ஓட்டிசம் என்று வைத்தியர் சொன்னால் உங்களையே நோகாதீர்கள். அது வளர்ப்புப் பிழையன்று. எவர் செய்த பாவமுமன்று. தாயின் பாசக்குறைவே காரணம் என முன்னர் சில வைத்தியர்களே கூறினர். அது தவறென இன்று தெளிவாகிவிட்டது.

நிபுணர்கள் அரிதான இடத்தில் என்ன செய்யலாம்? இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2016இல் வெளியாயிற்று. ஒரு பகுதிப் பெற்றோருக்கு, நிபுணரல்லாத சுகாதார ஊழியர்கள் ஆறு மாதங்களில் 12 தடவை பயிற்சியளித்தனர். பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதைப் படம்பிடித்து அவர்களுக்கே காட்டினர். பிள்ளையின் போக்குக்கு இசைந்து பெற்றோர் மறுமொழி தரப் பழகினர். பிள்ளைகள் தாமாகவே அவர்களை நாடுவதும் கூடியது.

இம்முறையை ஒட்டி நீங்கள் செய்யக்கூடியவை:

1. பிள்ளையின் முகத்துக்கு நேரே நிலத்தில் இருங்கள்.

2. சில்லைப் பறிக்காதீர்கள். "சில்லு சுத்துது" என்று மட்டும் சொல்லுங்கள்.

3. "இது என்ன? அது என்ன?" என்று வினவாமல் பொறுத்திருங்கள்.

4. பார்வையோ, சத்தமோ, கையசைவோ வந்தால் அதையே பேச்சாகக் கொண்டு மறுமொழி கூறுங்கள்.

இது ஓட்டிசத்தை மாற்றும் மருந்தன்று. பிள்ளை உங்களை நாடிவரத் திறக்கும் வாசல். குளிப்பாட்டும்போதும் சோறு தீத்தும்போதும் இதைச் செய்யலாம். காசு வேண்டாம், பொறுமை வேண்டும்.