வயதான நாயைத் தத்தெடுக்கிறீர்களா?

காப்பகங்களில் குட்டிகளுக்குத்தான் கிராக்கி. ஏழெட்டு வயதைத் தாண்டிய சாதுவான நாய்களைக் கேட்டு வருபவர்கள் குறைவு. அப்படி ஒன்றை அழைத்துவர நினைப்பவர்களுக்கு:

1. இரண்டு மூன்று முறை போய்ப் பாருங்கள். ஒருமுறையாவது வெளியே நடக்கக் கூட்டிச் செல்லுங்கள். கூண்டுக்குள் அதன் நிஜ சுபாவம் தெரியாது.

2. முதல் வாரமே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு ஆரம்பத்தில் வெளியே தெரியாது. பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்.

3. டைல்ஸ் தரையில் அடிப்பக்கம் ரப்பர் வைத்த மேட் விரியுங்கள். மூட்டுவலி உள்ள நாய் எழும்போது பின்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு தடவை விழுந்தால் பயந்துபோய், தண்ணீர் குடிக்கக்கூட எழ யோசிக்கும். தண்ணீர்க் கிண்ணத்தையும் படுக்கைக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

4. வலிக்கிறதே என்று நாம் போடும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். உயிருக்கே ஆபத்து.

5. காப்பகத்து உணவையே சில நாள் கொடுத்து, மெல்ல மாற்றுங்கள். சட்டென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும்.

6. தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள். காது மந்தமான நாய் திடுக்கிட்டுக் கடித்துவிடலாம். பக்கத்தில் தரையைத் தட்டுங்கள், அதிர்வில் விழித்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவையுங்கள்.