விரதமும் நீரிழிவும்: புரதச் சத்தை எங்கே தேடுவது?



மலேசியாவில் 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். சிங்கப்பூர் அரசாங்கம் 2016-இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடுத்தது. இரு நாடுகளிலும் நம் இந்தியர்களிடையே இந்நோய் மிகுதி என்பதை நாம் மறக்கலாகாது.

உணவு ஆலோசகராகப் பல்லாண்டு பணியாற்றிய என்னிடம் தைப்பூச விரதம் தொடங்கும்போதெல்லாம் இனிப்பு நீர் உள்ள அன்பர்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "விரதத்தில் மீன், முட்டை இல்லை. உடம்பு தளராமலிருக்கப் புரதப் பவுடர் குடிக்கலாமா?"

முதலில், தேவை எவ்வளவு என்று பார்ப்போம். பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 0.8 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 48 கிராம். முதியவர்களுக்குத் தசை கரையாமலிருக்க, கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நல்லது.

இதைச் சைவ உணவிலேயே பெறலாம். வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கோப்பையில் சுமார் 14 கிராம், 100 கிராம் தெம்பேயில் சுமார் 19 கிராம், ஒரு குவளைப் பாலில் 8 கிராம், கெட்டியான பருப்பு ஒரு கோப்பையில் சுமார் 10 கிராம் புரதம் உண்டு. கூட்டினால் 51 கிராம். ஆனால் கடலையிலும் பருப்பிலும் மாவுச் சத்தும் உண்டு. ஆகவே அவற்றைச் சேர்க்கும்போது சோற்றைக் குறைக்க வேண்டும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு புரதம், பாதி காய்கறியும் பழமும் என்பதே மலேசியாவில் 'சுகு-சுகு செப்பாரோ' என்று கற்பிக்கப்படும் முறை.

விரத நாள்களில் பலர் சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம் என்று முடித்துக்கொள்கின்றனர். சர்க்கரை ஏறுவதற்கும் உடல் தளர்வதற்கும் இதுவே காரணம்.

இனி பவுடருக்கு வருவோம். சரியாகச் சாப்பிட இயலாதவருக்கும், நோயில் மெலிந்தவருக்கும் அது உதவும். ஆனால் டின்னின் பின்புறத்தைப் படியுங்கள். மால்ட் பானங்கள் பலவற்றில் புரதத்தைவிடச் சீனியும் மாவுச் சத்துமே அதிகம். நீரிழிவுக்கென விற்கப்படும் பால் மாவு, ஒரு வேளை உணவுக்கு ஈடானது. வயிறார உண்டபின் அதையும் குடித்தால் சர்க்கரை கூடும்.

மற்றொன்று சிறுநீரகம். மலேசியாவில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதற்காரணம் நீரிழிவே. சிறுநீரகம் பழுதுபட்டு, இன்னும் டயாலிசிஸ் தொடங்காதவர்கள் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் நிற்பதே முறை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கோ கூடுதல் புரதம் தேவை. ஆகவே ஆண்டுக்கொரு முறை இரத்தமும் சிறுநீரும் சோதித்து, மருத்துவரைக் கேட்ட பின்னரே பவுடர் வாங்குங்கள்.

ஒரு வேளை மட்டும் உண்டு விரதமிருப்போர், கிளிகிளாசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராயின், அளவை மாற்றுவது பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். வியர்த்து, கை நடுங்கினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். அப்போது புரதப் பானம் உதவாது. மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்து உடனே குடியுங்கள். 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். விரதம் கலைந்ததே என்று வருந்த வேண்டாம். உயிரைக் காப்பதும் அறமே.

அன்னதான உபயம் செய்யும் நன்கொடையாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சர்க்கரைப் பொங்கலோடு சுண்டலும், சோற்றோடு கெட்டிப் பருப்பும் கீரையும் இடம்பெறச் செய்யுங்கள். பந்தியில் அமரும் நீரிழிவு நோயாளிகளும் அச்சமின்றி உண்பார்கள்.

அனைவரும் உடல்நலத்துடன் விரதம் நிறைவேற்ற எல்லாம் வல்ல முருகப்பெருமானை வேண்டுகிறேன்.