முதல் கார் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு



நம் மஹல்லாவில் முதன்முதலாகக் கார் வாங்கும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகளும், கடையை ஓரளவு நிலைநிறுத்திக்கொண்ட இளைஞர்களும் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "குறைந்த விலையில் சின்ன எஸ்யூவி எது வாங்கலாம்?"

ஆசையில் தவறில்லை. முழங்கால் வலியோடு இருக்கும் உம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக, பிள்ளைகளை மழையில் நனையாமல் கொண்டுவர, கார் ஒரு நிஃமத். ஆனால் பல வருடங்கள் பாலைவெயிலில் நின்று சேர்த்த பணம் ஷோரூமில் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது. அதன் பிறகு பல வருடங்களுக்குத் தவணை ஓடுகிறது. எனவே எந்த வண்டி என்று கேட்பதற்கு முன் என்ன கணக்குப் போட வேண்டும் என்பதை இந்த இதழின் பாடமாக வைத்துக்கொள்வோம்.

1. உயரத்துக்குக் கொடுக்கும் விலை

எஸ்யூவி என்றதும் மலையேறும் ஜீப் நினைவுக்கு வரும். பத்து லட்சத்தை ஒட்டிக் கிடைக்கும் சிறிய எஸ்யூவிகள் அந்த வகை அல்ல. நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கி, முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் சாதாரணக் கார்களைச் சற்று உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். மாருதி ஃபிரான்க்ஸை எடுத்துக்கொள்வோம். அது பலேனோ காரின் அடித்தளத்தில் உருவானது. இரண்டிலும் 1197 சிசி பெட்ரோல் எஞ்சின் கிடைக்கிறது. பலேனோவுக்கும் தரைக்கும் இடைவெளி 170 மி.மீ.; ஃபிரான்க்ஸில் 190 மி.மீ. டிக்கி இடமோ பலேனோவில் 318 லிட்டர், ஃபிரான்க்ஸில் 308 லிட்டர்.

அந்த இரண்டு சென்டிமீட்டர் வீண் என்று நாம் சொல்லவில்லை. வேகத்தடைகளும் குழிகளும் நிறைந்த சாலையில் அது உதவும். இருக்கை உயரமாக இருப்பதால் பெரியவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம். இந்த இரண்டும் உங்களுக்குத் தேவையா என்று பார்த்து, தேவை என்றால் அதற்குப் பணம் கொடுங்கள். தேவையில்லை என்றால் அதே எஞ்சின் உள்ள சிறிய கார் போதும்.

ஒரு எச்சரிக்கை. உயரமான வண்டி என்பதற்காக வெள்ளத்தில் இறக்கக் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. காற்று இழுக்கும் வழியில் தண்ணீர் புகுந்தால் எஞ்சின் கெட்டுவிடும். சாதாரண இன்சூரன்ஸ் அதற்கு ஈடு தருவதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் இதைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. வரியில் இருக்கும் இரண்டு கோடுகள்

முதல் கோடு ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் எஞ்சினும் உள்ள கார்களுக்கு 18 சதவீத வரி. இதில் ஒன்று மீறினாலும் 40 சதவீதம். மாருதி பிரெஸ்ஸா நான்கு மீட்டருக்குள் அடங்குகிறது. ஆனால் அதன் பெட்ரோல் எஞ்சின் 1462 சிசி. அதனால் அது 40 சதவீதத்தில் போய் விழுகிறது. டாடா பஞ்ச், ஹூண்டாய் எக்ஸ்டர், நிசான் மேக்னைட் போன்றவை 18 சதவீதத்தில் வருகின்றன.

இரண்டாவது கோடு, தமிழ்நாட்டின் வாழ்நாள் வரி. 2023 நவம்பர் முதல் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள கார்களுக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800. விலையில் 20,000 ரூபாய் வித்தியாசம், வரியில் 53,100 ரூபாய் வித்தியாசம்! சன்ரூஃபுக்கும் பெரிய திரைக்கும் ஆசைப்பட்டு அடுத்த வேரியண்டுக்குப் போகிறவர்கள் இந்தக் கோட்டைத் தாண்டுகிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

புதிய காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். அதையும் சேர்த்து ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள். கையாளும் கட்டணம், பாலிஷ், சீட் கவர் என்று வரும் ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேளுங்கள்.

3. தவணையின் கணக்கு

வட்டி பற்றிய மார்க்கச் சட்டம் நம் எல்லோருக்கும் தெரியும். இங்கே அதன் ரூபாய்க் கணக்கை மட்டும் பார்ப்போம். ஆன்ரோடு 10 லட்சம். கையில் 3 லட்சம். மீதி 7 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஏழு வருடத் தவணைக்கு எடுத்தால் மாதம் சுமார் 11,260 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் கட்டியிருப்பது சுமார் 9,46,000. வட்டி மட்டும் 2,46,000 ரூபாய். அது ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கு உதவியிருக்கும் தொகை.

அதே 11,260 ரூபாயை மாதாமாதம் ஒதுக்கி வைத்தால் மூன்று வருடத்தில் 4,05,000 ரூபாய் சேரும். கையிலுள்ள 3 லட்சத்தோடு 7 லட்சத்துக்கு மேல். அதில் வட்டியே இல்லாமல் சிறிய புதிய கார் ஒன்றோ, நல்ல நிலையிலுள்ள பழைய எஸ்யூவி ஒன்றோ வாங்கிவிடலாம். தவணை கட்ட முடியும் என்று நம்புகிறவர், அதைச் சேர்த்தும் காட்ட முடியும். மூன்று வருடப் பொறுமை இரண்டரை லட்சத்தை மிச்சப்படுத்துகிறது.

உறவினரிடம் வட்டியில்லாக் கடன் வாங்கினாலும் தொகையையும் திருப்பித் தரும் தேதியையும் எழுதி, சாட்சிகளை வைத்துக்கொள்ளுங்கள். காரால் உறவு முறிய வேண்டாம்.

4. மாதம் எத்தனை கிலோமீட்டர்?

மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கி.மீ., பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் எரிபொருள் சுமார் 3,300. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் ஆகியவற்றுக்கு மாதம் 2,500 ஒதுக்குவோம். மேலே சொன்ன தவணையும் சேர்ந்தால் 17,060 ரூபாய். அதாவது கிலோமீட்டருக்கு 34 ரூபாய். இதை உங்கள் ஊர் வாடகைக் கார் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாதம் 200 கி.மீ. கூட ஓடாத வீட்டுக்கு வாடகைக் காரே லாபமாக இருக்கக்கூடும்.

சிஎன்ஜி, டீசல் இரண்டும் நிறைய ஓடுகிறவர்களுக்கு உரியவை. சிஎன்ஜி வண்டிக்கு 90,000 ரூபாய் கூடுதல், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் மிச்சம் என்று கொண்டால் அந்தப் பணம் திரும்ப 45,000 கி.மீ. ஓட வேண்டும், மாதம் 500 கி.மீ. ஓட்டினால் ஏழரை வருடம். பிஎஸ் 6 டீசல் கார்களில் புகையிலுள்ள கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு செலவு வைக்கும்.

5. உயிரின் கணக்கு

பணத்தைக் குறைக்கலாம்; இதில் குறைக்கக் கூடாது. நம் நாட்டின் பாரத் என்கேப் மோதல் சோதனை 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. வண்டியை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் முன்பக்கமாக மோதவிட்டுப் பார்க்கிறார்கள். பக்கவாட்டு மோதலும் உண்டு. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியே நட்சத்திரம் கொடுக்கிறார்கள். இரண்டையும் பாருங்கள். ஒரு வண்டிக்கு நட்சத்திரம் எதுவும் சொல்லப்படவில்லை என்றால் ஏன் என்று ஷோரூமில் கேளுங்கள். சன்ரூஃபை விட்டுவிட்டு ஆறு ஏர்பேக்கும், வண்டி வழுக்கிச் சுழலாமல் காக்கும் இஎஸ்சியும் உள்ள வேரியண்டை எடுங்கள்.

இவை எல்லாம் பெல்ட் போட்டால்தான் பயன்படும். 2022 செப்டம்பர் 4 அன்று டாடா சன்ஸின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவின் பால்கர் அருகே விபத்தில் இறந்தார். அவர் பயணம் செய்தது விலையுயர்ந்த எஸ்யூவி. பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்தார் என்று காவல்துறை தெரிவித்தது. ஐந்து பெல்ட் உள்ள காரில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதையும், முன்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதையும் நாம் நிறுத்த வேண்டும். ஏர்பேக் விரியும்போது மடியிலுள்ள குழந்தையைத்தான் முதலில் அடிக்கும்.

6. நம் தெருவில் திரும்புமா?

காயல்பட்டினம், கீழக்கரை, மேலப்பாளையம் போன்ற ஊர்களின் தெருக்கள் குறுகலானவை. டாடா நெக்ஸானின் அகலம் 1804 மி.மீ.; பஞ்ச் 1742; எக்ஸ்டர் 1710. இதில் பக்கக் கண்ணாடிகள் சேரவில்லை. உங்கள் சந்தை டேப்பால் அளந்துவிட்டுப் போங்கள். டெஸ்ட் டிரைவை உங்கள் தெருவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். ஓட்டப்போகிறவர் ரிவர்ஸ் எடுத்துப் பார்க்கட்டும். வீட்டிலேயே வயதானவர் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். வீட்டுப் பெண்களும் ஓட்டுவதாக இருந்தால் அவர்களே கிளட்சை மிதித்து, இருக்கையைச் சரிசெய்து பார்த்துச் சொல்லட்டும்.

7. பழைய வண்டி என்றால்

இன்சூரன்ஸ் கணக்கில் நான்கு வருடம் தாண்டிய காரின் மதிப்பு பாதியாகிவிடுகிறது. ஓட்டிப் பழகும் முதல் காரில் கீறல் விழத்தான் செய்யும். அதனால் பழைய வண்டி நல்ல தேர்வு. ஆனால் வாங்குமுன் வெளி மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். சர்வீஸ் பதிவுகளைக் கேளுங்கள். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் தீர்ந்த சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். தெரிந்தவர்தானே என்று பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால், விபத்து நடக்கும் நாளில் விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து அலைய வேண்டிவரும்.

வீட்டுப் பாடம்

ஷோரூமுக்குப் போவதற்கு முன், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து மஷூரா செய்து ஒரு தாளில் ஐந்து வரிகள் எழுதுங்கள்: வழக்கமாக எத்தனை பேர் போவோம், மாதம் எத்தனை கிலோமீட்டர், ஆன்ரோடு அதிகபட்சம் எவ்வளவு, கடன் இல்லாமல் அதில் எவ்வளவு நம்மால் முடியும், எந்தப் பாதுகாப்பு வசதிகளை விட்டுக்கொடுக்க மாட்டோம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். விற்பனையாளர் காட்டும் வண்டி தாளுக்குள் அடங்கினால் முன்பணம் கொடுங்கள். அடங்கவில்லை என்றால் ஸலாம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அடுத்த மாதமும் ஷோரூம் அங்கேதான் இருக்கும்.