மல்லி நாட்டு வில்

சிவகாசியிலிருந்து திருவில்லிபுத்தூருக்குச் செல்லும் பெருவழியில் மல்லி என்னும் ஊர் உள்ளது. பட்டாசுத் தொழிற்சாலைகள் மலிந்த வறண்ட நிலம் கிழக்கே நிற்க, மேற்றிசையில் மலைத்தொடர் நீலநிறமாய் எழுந்து தோன்றும். புறநானூற்றின் 177-ஆம் பாட்டில் ஆவூர் மூலங்கிழார் போற்றிய மல்லி கிழான் காரியாதி, இவ்வூர்த் தலைவனே என்று கொள்ளும் அறிஞர் உளர். பேரரசர் வாயிலில் கண்ணொளி மழுங்கப் பன்னாள் காத்திருந்து பெறும் யானைப் பரிசிலும், காரியாதியின் ஊரில் விடியற்பொழுதிலே பனையோலைக் குடையில் ஏற்று உண்ணும் ஊன்சோற்றுக்கு ஒப்பாகாது என்பது அப்புலவர் கருத்து. அவ்வூனைக் கொணர்ந்தவர் எயினர் எனப்படும் வில்வேட்டுவர். அவர் கொணர்ந்த 'எய்ம்மான்' என்பது முள்ளம்பன்றியாகும். பெயரில் மான் உள்ளதே என்று மயங்குதல் கூடாது.

மானை வில்லால் வீழ்த்துதல் எளிய செயலன்று. இம்மலையடிவாரத்தில் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெருமழை பெய்து ஓயும். மாசி, பங்குனியில் மரங்கள் இலையுதிர்க்கும்; சுனைகள் வற்றிச் சுருங்கும். எஞ்சிய நீரை நாடிப் புள்ளிமானும் கடமானும் வந்தே தீரவேண்டும். ஆதலால் அக்காலம் வேட்டுவனுக்கு வாய்ப்பானது என்று தோன்றும். ஆனால், அவன் அடியெடுத்து வைக்குந்தோறும் சருகு ஒலித்து அவனைக் காட்டிக்கொடுக்கும். காற்று அவன் முதுகிலிருந்து வீசுமாயின், மனித மணத்தை மோந்த மான் நொடியில் மறையும். மரவுச்சியிலுள்ள மந்தி கண்டு குரல் கொடுப்பினும் மானினம் விழிப்புறும். இத்தனையும் கடந்து இருபது, முப்பது கெசத் தொலைவுக்குள் அணுகினாலன்றி வில்லாற் பயனில்லை.

அணுகிய பின்னரும் இடர் ஒன்றுண்டு. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மரவில்லின் கணையோ ஏறத்தாழ 50 மீட்டரே செல்லும். கணை சென்று சேருமுன்பே நாணொலி மானின் செவியை எட்டிவிடும். அது துள்ளித் திரும்பினால், விலாவை நோக்கி விடுத்த கணை தொடையில் தைக்கும். மான் உடனே வீழாது, புண்ணோடு ஓடும். குருதித் துளி காட்டும் வழியே சென்று அதனைத் தேடிக் காண்பது எய்தவன் கடன். அம்புபட்ட விலங்கைக் காட்டிலே நலிந்து கிடக்க விடுவது வில்லாண்மையாகாது. எனவே, தேர்ந்த வேட்டுவன் ஐயம் தோன்றிய போதெல்லாம் நாணைத் தளர்த்துவான். எய்யாமல் மீண்ட நாள்களே அவன் வாழ்வில் மிகுதியாக இருந்திருத்தல் வேண்டும்.

மானை எய்துவந்த வேட்டுவன் ஒருவனை நேரிற் கண்டு பாடியவர் வன்பரணர். மழைக்காலத்துப் பருந்தின் நனைந்த சிறகுபோலக் கந்தையுடுத்து, வழிநடை வருத்தத்தோடு அப்புலவர் ஒரு பலாமரத்தடியில் அமர்ந்திருந்தார். மான் கூட்டத்தை வீழ்த்திய குருதி படிந்த கழலோடு ஒருவன் ஆங்கு வந்தான். எழமுயன்ற புலவரைக் கையமர்த்தி இருக்கச் செய்தான். தன் ஏவலர் வந்து சேருமுன்பே தீக்கடைகோலால் நெருப்பு உண்டாக்கி, ஊனைச் சுட்டு, சுற்றத்தோடு உண்ணுமாறு அளித்தான். விடைபெறுங்கால் மார்பிலிருந்த ஆரத்தையும் முன்கைக் கடகத்தையும் கழற்றித் தந்தான். நாடு யாதென வினவியும் கூறவில்லை. பெயர் கேட்டும் உரைக்கவில்லை. அவன் தோட்டி மலைக்குரிய நள்ளி என்பதைப் புலவர் வழியிற் பிறர் சொல்லக் கேட்டே அறிந்தார். இதனைப் புறநானூற்றின் 150-ஆம் பாட்டிற் காணலாம். வேட்டையின் திறத்தைப் பற்றி அப்பாட்டில் விரிவு இல்லை. ஈகையைப் பற்றியே விரிவு உண்டு.

மீண்டும் மல்லி நாட்டை நோக்குவோம். வில்லி, கண்டன் என்னும் வேட்டுவ உடன்பிறந்தார் இருவர் காட்டில் வேட்டையாடுங்கால், கண்டன் புலியால் இறந்துபட்டான் என்றும், வில்லி பின்னர்க் காடு திருத்தி ஊரும் கோயிலும் எடுப்பித்தான் என்றும் தலவரலாறு கூறும். வில்லிபுத்தூர் என்னும் பெயரே அவ்வேட்டுவன் பெயர்தான் என்பர்.

வேட்டுவன் பெயர் தாங்கிய அவ்வூரின் மலையில் இன்று வேட்டை இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. 1988-இல் இம்மலை சாம்பல்நிற அணிலுக்குரிய சரணாலயமாயிற்று. 2021-இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. காட்டெல்லையைத் தாண்டி உழவன் நிலத்துள் புகுந்த மானையும் கொல்லலாகாது. இரவெல்லாம் காவலிருந்தும் விளைச்சலை மானுக்கும் பன்றிக்கும் இழந்து நிற்கும் மலையடிவாரத்து உழவனுக்கு இச்சட்டம் கசப்பாகத் தோன்றுதல் இயல்பே. அவன் துயரைச் சிறிதென்று தள்ளுதல் அறமன்று. வேலியிட்டும், ஒலியெழுப்பியும், வனத்துறையிடம் முறையிட்டும் அவன் விளைச்சலைக் காக்க முயல்கிறான்.

ஆயினும், வெடிமருந்தை உண்பொருளுள் மறைத்து வைக்கும் அவுட்டுக்காய் என்னும் கொடிய முறையும் நாட்டிற் சிலவிடங்களில் உண்டு. வில்லேந்தியவன் தான் எய்யும் விலங்கைக் கண்டான். அதன் கண்ணையும் கண்டான். அவுட்டுக்காய் வைப்பவனோ எதையும் காண்பதில்லை. பன்றிக்கு வைத்ததைப் பசுவும் கடிக்கும், யானையும் கடிக்கும். 2020-ஆம் ஆண்டு கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில், வெடிபொருள் பொதிந்த உணவைக் கடித்த சூல்யானை ஒன்று வாய் சிதைந்து, பல நாள் உணவின்றி உழன்று, ஆற்றுநீரில் நின்றபடியே உயிர்விட்டது.

இக்காலத்தில் அம்மலைக்காட்டில் வேட்டைத் தடுப்புக் காவலர் திரிகின்றனர். பங்குனி வெயிலில் சுனையோரத்து ஈரமண்ணில் குளம்புச் சுவட்டை நோக்கி, சென்றது கடமானா, புள்ளிமானா என்று அறிகின்றனர். புழுக்கையின் ஈரங்கண்டு அது சென்ற நேரத்தை உய்த்துணர்கின்றனர். எயினர் கற்றிருந்த கல்வியும் அதுவே. தானே படமெடுக்கும் கருவியை மரத்திற் கட்டிவிட்டு, காற்றின் திசை பார்த்து, சருகு ஒலியாமல் அவர்கள் திரும்பி நடக்கின்றனர். இருட்டிய பின் மான்கள் நீருண்ண வருகின்றன.