ஒட்டுக்குக் கீழே முளைத்தது எந்த ரோஜா?

"வாங்கிட்டு வந்த செவப்பு ரோஜா பட்டுப்போச்சுக்கா. ஆனா அடியில இருந்து ஒண்ணு ஆளுயரத்துக்கு வளருது, பூவே விட மாட்டேங்குது, பிடுங்கிடட்டுமா?"ன்னு கேட்டே. பிடுங்காதே கண்ணு. அது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்.

ஓசூர், பெங்களூரு பக்கத்து நர்சரியில இருந்து வர்ற ஒட்டு ரோஜா உண்மையில ரெண்டு செடி. மேல இருக்கறது நாம ஆசைப்பட்ட பூ. கீழ வேரா இருக்கறது முரட்டுக் காட்டு ரோஜா. மேல் செடி வெயில்ல கருகிடுச்சுன்னா, வேர்ச்செடி தன் பாட்டுக்குத் துளிர்த்து மேல வந்துடும். மேல் செடி உயிரோட இருந்தா மட்டும், கீழ இருந்து வர்ற கிளையை மண்ணை விலக்கி, கிளம்புற இடத்துலயே பிய்ச்சு எடுக்கணும். கத்தியால வெட்டினா அங்கேயே மறுபடி துளிர்க்கும். உன் செடிக்கு அது தேவையில்ல, மேல எதுவும் மிச்சமில்லையே.

இப்ப அடையாளம். நம்ம தென்னிந்திய நர்சரிகள்ல வேர்ச்செடியா அதிகம் வர்றது மல்டிஃப்ளோரா. ஜப்பான், கொரியா, சீனா பக்கத்துக் காட்டு ரோஜா. இலைக்காம்பு தண்டோட சேர்ற இடத்துல ரெண்டு பக்கமும் மெல்லிசா ஒரு செதில் ஒட்டியிருக்கும். அதோட ஓரம் சீப்புப் பல்லு மாதிரி பிசிறு பிசிறா இருந்தா அது மல்டிஃப்ளோராதான். முள்ளை வெச்சு முடிவு பண்ணாதே, முள்ளே இல்லாத வகையும் இதுல உண்டு. வெள்ளையா, அஞ்சு இதழோட, சின்னச் சின்னப் பூ பெரிய கொத்தா வரும். அதுவும் வருஷத்துல ஒரு பருவம்தான். குளிர் வேணும்னு எதிர்பார்க்கிற செடி, நம்ம நாமக்கல் வெயில்ல வருஷக்கணக்கா வெறும் கொடியா ஓடினாலும் ஆச்சரியமில்ல. செதில் ஓரம் வழவழன்னு இருந்தா வேற வேர்ச்செடி. அப்ப பூ வர்ற வரைக்கும் பொறுத்துத்தான் பேர் சொல்ல முடியும்.

நம்ம மலையோட சொந்தக் காட்டு ரோஜா ஒண்ணு இருக்கு, லெஷனோல்டியானா. 1816ல பாண்டிச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோ பேரை வெச்சாங்க. நீலகிரி, பழனி மலை உச்சிகள்ல சோலைக்காட்டு ஓரமா மரத்து மேல ஏறிப் படர்ந்து, வெள்ளைப் பூவா வாசமா பூக்கும். பூவோட நடுவுல சூல்தண்டுகள் எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து ஒரே தூணா நீட்டிக்கிட்டிருக்கும். மல்டிஃப்ளோராவுலயும் இப்படித்தான், ரெண்டும் ஒரே பிரிவு. லெஷனோல்டியானாவை நாமக்கல்லுக்குக் கொண்டுவர ஆசைப்படாதே அம்மிணி. சித்திரை வெயில் அதுக்கு ஒத்துக்காது. காப்புக்காட்டுல செடி பிடுங்கறது குற்றமும்கூட. ஏற்காடு, கொல்லிமலை போறவங்க வெள்ளைப் பூ முள்ளுக்கொடியைப் பார்த்தா ரோஜான்னு நினைச்சுக்கறாங்க. பழத்தைப் பார்க்கணும். மணி மணியா ஒட்டிக்கிட்டிருந்தா அது ராஸ்பெர்ரி இனம். ரோஜாப் பழம் வழுவழுப்பா முழுசா ஒரே காயா இருக்கும், விதை உள்ளே.

நம்ம சமவெளிக்குன்னு ஒரு காட்டு ரோஜாவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னா நான் கிளைனோஃபில்லாவைச் சொல்லுவேன். வங்காளம், பீகார் பக்கம் ஆத்தங்கரையில வளர்ற நம்ம நாட்டுச் செடி. வெள்ளத்துல மூழ்கினாலும் பிழைக்கும், வெக்கையும் தாங்கும். பூவுக்கு அடியிலயே ரோமம் படர்ந்த சின்ன இலைகள் சுத்தி நிக்கும், அதுதான் அடையாளம். ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுட்டுக் கொடைக்கானல்ல குடியேறின எம்.எஸ். வீரராகவனும் அவர் மனைவி கிரிஜாவும் இதையும், மணிப்பூர் மலையில இருக்கிற ஜிகாண்டியாவையும் வெச்சுத்தான் வெப்பநாட்டுக்குத் தாங்குற ரோஜாக்களை உருவாக்கினாங்க. ரோஜா சேகரிக்கறவங்ககிட்ட கிளைனோஃபில்லா குச்சி கேட்டுப் பாரு. கடையில பேர் சொல்லி வாங்கறது கஷ்டம்.

எதை வெச்சாலும் நம்ம ஊர்ல தொல்லை ரெண்டுதான், போர் தண்ணியும் கோழி எருவும். போர் தண்ணி உப்பும் சுண்ணாம்புமா இருந்தா, இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்கலைன்னு அர்த்தம். மழைத்தண்ணியைத் தொட்டியில பிடிச்சு வெச்சு வாரம் ஒரு தடவையாவது ஊத்து. பக்கத்துப் பண்ணையில இருந்து கோழி எரு சும்மா கிடைக்குதுன்னு பச்சையாக் கொட்டிடாதே, வேர் வெந்துடும். முட்டைக்கோழி எருவுல சுண்ணாம்பு வேற அதிகம், மஞ்சள் நோயை இன்னும் கூட்டும். சாணியும் சருகும் கலந்து மாசக்கணக்கா மக்க வெச்சு, சூடும் வாசமும் அடங்கினப்புறம் ஒரு கைப்பிடி போதும். செம்மண்ணோட மக்கின தொழு உரம் கலந்த மண்ணே இதுக்குத் தாராளம்.

காட்டு ரோஜாவைப் பெருக்கப் பதியம் போடறதுதான் சுலபம். நீளமா ஓடுற கிளையை வளைச்சு, கணுவுக்குக் கீழ லேசா சீவி, மண்ணுல புதைச்சுக் கல்லு வெச்சுடு. மழைக்காலத்துல செய்யறது நல்லது. வேர் பிடிச்சப்புறம் பிரிச்சு நடலாம். விதை போட ஆசையா? பழத்தை உரிச்சு விதையைக் கழுவி, ஈரத் தேங்காய் நார்க்கழிவுல வெச்சு ரெண்டு மாசத்துக்கு மேல ஃபிரிட்ஜ்ல போடு. குளிர் படலைன்னா பல காட்டு ரோஜா விதை முளைக்காது.

காட்டு ரோஜாவுக்குப் பந்தலோ வேலியோ வேணும், தொட்டியில அடங்காது. பூச்சி, நோய் மருந்துன்னு அலைய வேண்டாம், ஒட்டு ரோஜாவுக்குப் படுற பாட்டுல கால்வாசிகூட இதுக்கு இல்ல. வாரத்துக்கு ஒரு தரம் இலைக்கு அடியில சிலந்திப்பேன் இருக்கான்னு மட்டும் பாரு, வெயில் காலத்துல தண்ணி பீச்சி அடிச்சாலே குறைஞ்சிடும்.

கடைசியா கவாத்து. ஒட்டு ரோஜாவை ஐப்பசியில ஒட்ட வெட்டுற வழக்கம் இருக்கே, அதை மல்டிஃப்ளோராகிட்டக் காட்டாதே. வருஷம் ஒரு தடவை பூக்கிற காட்டு ரோஜா, போன வருஷத்துக் கிளையிலதான் பூ எடுக்கும். அதை வெட்டிட்டுப் பூக்கலைன்னு குறை சொல்லக்கூடாது. பூ முடிஞ்சப்புறம் காய்ஞ்சதையும் கிழடு தட்டினதையும் மட்டும் எடு. நாளைக்குக் காலையில முதல் வேலையா அந்த இலைக்காம்போட அடியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. பார்த்துட்டுச் சொல்றேன்.