மருத்துவப் பௌதிகர்: படிப்பும் பதவியும்

பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடிக்கும் மாணவர் ஒருவரை, "அடுத்து என்ன?" என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று விடைகளே வரும். ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்பார். கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வு எழுதுகிறேன் என்பார். இரண்டும் இல்லையேல் ஆட்சிப் பணித் தேர்வு என்பார். நான்காவது வழி ஒன்று உண்டு. அவ்வழியில் நடந்து பிழைப்பவன் நான். இந்த வளாகத்தில் பௌதிகம் படித்து, பின்னர் மும்பையில் பட்டயம் பெற்று, இன்று ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்ச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். மலர்க் குழுவினர் அதைப் பற்றி எழுதப் பணித்தனர். நம் மாணவர்க்குப் பயன்படும் செய்தி ஆகையால் ஒப்புக்கொண்டேன்.

மருத்துவப் பௌதிகர் என்றும், மருத்துவ இயற்பியலாளர் என்றும் எங்களைத் தமிழில் எழுதுகிறார்கள். மருத்துவமனையிலோ யாவருக்கும் "பிசிசிஸ்ட்" தான். நாங்கள் மருத்துவர் அல்லர். இயந்திரத்தை இயக்கும் தொழில்நுட்பரும் அல்லர். நோயைக் கண்டு, எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் வேண்டும் என்று தீர்மானிப்பவர் மருத்துவர். நோயாளியைப் படுக்கவைத்து இயந்திரத்தை இயக்குபவர் தொழில்நுட்பர். மருத்துவர் எழுதிய அளவு, எழுதிய இடத்தில், எழுதியபடியே சேருகிறது என்பதற்குப் பொறுப்பாளி யார்? அங்கேதான் பௌதிகர் வருகிறார். இயந்திரத்தின் கதிர் வெளியீட்டை அளப்பது, சிகிச்சைத் திட்டத்தைக் கணிப்பொறியில் வகுப்பது, அத்திட்டத்தை அளந்து சரிபார்ப்பது, அறையின் சுவர் எத்தனை தடிப்பு இருக்கவேண்டும் என்று கணக்கிடுவது, எல்லாம் அவர் தலையில்.

"இவ்வளவுதானா? அளந்து பார்க்கும் வேலைக்கு எம்.எஸ்ஸி.யும் அதற்குமேல் ஒரு படிப்பும் எதற்கு?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. ஒரு சின்ன உதாரணத்தால் விடை சொல்கிறேன்.

கதிரை அளக்க நாங்கள் பயன்படுத்துவது அயனியறை. சுண்டுவிரல் நுனியளவுள்ள ஒரு குழியில் காற்று நிறைந்திருக்கும். கதிர் பாய்ந்தால் அக்காற்று அயனிகளாகப் பிரியும்; பிரிந்த மின்னூட்டத்தை அளந்து, கதிரின் அளவைக் கணக்கிடுகிறோம். அந்தக் குழி வெளிக்காற்றோடு தொடர்புடையது. ஆகவே காற்றின் அழுத்தம் குறைந்தால் குழிக்குள் இருக்கும் மூலக்கூறுகளும் குறையும். அளவியின் காட்டலும் குறையும். சென்னையில் அழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள பெங்களூரில் அது ஏறக்குறைய 91. எனவே பெங்களூரில் கிடைத்த காட்டலை நூற்றுக்குப் பதினொன்று அளவில் உயர்த்தித் திருத்தவேண்டும்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. வானிலைச் செய்தியில் வெளியிடும் அழுத்தம் பொதுவாகக் கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்படுவது. அறையில் பாரமானி வைத்து அளக்காமல் அந்த எண்ணை எடுத்து எழுதினால் திருத்தம் விடுபட்டுப் போகும். இயந்திரத்தின் வெளியீடு உள்ளதைவிடக் குறைவு என்று தோன்றும். குறைவு என்று எண்ணியவர் நேரத்தைக் கூட்டுவார். நோயாளி ஒவ்வொரு நாளும் நூற்றுக்குப் பதினொன்று கூடுதலாகக் கதிர் பெறுவார். சிகிச்சை முழுவதும் சேர்த்து, உடலுக்குச் சேரும் அளவு எழுதிய அளவிலிருந்து நூற்றுக்கு ஐந்துக்குமேல் பிறழலாகாது என்பது உலகம் ஒப்புக்கொண்ட நெறி. ஓர் எண்ணை எங்கிருந்து எடுத்தோம் என்பதிலேயே அந்த எல்லை இருமடங்காகக் கடக்கப்பட்டுவிடுகிறது. வாயுவின் விதியைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அது எங்கே வந்து குறுக்கிடும் என்று தெரிந்துகொள்ளத்தான் மேற்படிப்பு.

இது கற்பனைக் கவலை அன்று. 1996 ஆகஸ்டில் கோஸ்டா ரிக்கா நாட்டின் சான் ஹோசே நகரில், கோபால்ட் சிகிச்சை இயந்திரம் ஒன்றில் பழைய கதிர்மூலத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தனர். புதிய மூலத்தின் வெளியீட்டைக் கணக்கிடும்போது 0.3 நிமிஷம் என்பது 30 வினாடியாகக் கொள்ளப்பட்டது. 0.3 நிமிஷம் 18 வினாடி அல்லவா? இதனால் மூலத்தின் வலிமை உள்ளதில் ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிடப்பட்டு, சிகிச்சை நேரம் அதற்கேற்ப நீண்டது. செப்டம்பர் இறுதியில் தவறு வெளிப்படும்வரை 115 நோயாளிகள், வேண்டியதைவிடப் பாதிக்கும்மேல் கூடுதலாகக் கதிர் பெற்றனர். மரணங்களும் நேர்ந்தன. சர்வதேச அணுசக்தி முகமை இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது; மருத்துவப் பௌதிகம் படிப்போர் அதை வாசித்தே ஆகவேண்டும் என்பேன். ஒருவர் போட்ட கணக்கை மற்றொருவர் தனியே போட்டுப் பார்க்கும் வழக்கத்தை நாங்கள் ஏன் விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போது விளங்கும்.

இனிப் படிப்புக்கு வருவோம். நம் நாட்டில் இத்துறையைக் கண்காணிப்பது 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். மருத்துவப் பௌதிகராகப் பணிபுரிய யாருக்குத் தகுதி என்பதை அதன் விதிதான் தீர்மானிக்கிறது. மருத்துவமனையின் விருப்பம் அன்று. வழிகள் இரண்டு. பௌதிகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, அதன்மேல் கதிரியல் பௌதிகத்தில் அல்லது மருத்துவப் பௌதிகத்தில் பட்டயம் பெறுவது ஒன்று. பௌதிகத்தை முக்கிய பாடமாகக் கொண்ட இளங்கலைக்குப் பின், நேரே கதிரியல் அல்லது மருத்துவப் பௌதிகத்திலேயே முதுகலை படிப்பது மற்றொன்று. எவ்வழி வந்தாலும், நல்ல வசதிகள் உள்ள அங்கீகாரம் பெற்ற கதிர்ச் சிகிச்சைப் பிரிவு ஒன்றில் குறைந்தது 12 மாதம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

பட்டய வழியில் மூத்தது மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்தும் ஓராண்டுப் படிப்பு. 1962-இல், அந்நிறுவனத்துக்குப் பாபாவின் பெயர் சூட்டப்படும் முன்னரே, உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு தொடங்கியது. தேர்வு கடுமையானது, ஆனால் நம் எம்.எஸ்ஸி. பாடங்களை ஒழுங்காகப் படித்தவருக்கு எட்டாததன்று. முதுகலை வழியை விரும்புவோருக்குச் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் பழம்பெயர் பெற்ற இடம். வேறு பல பல்கலைக்கழகங்களிலும் இப்போது வகுப்புகள் நடைபெறுகின்றன.

என் கருத்தில் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான செய்தி அந்த 12 மாதப் பயிற்சி பற்றியதுதான். மாணவர்கள் படிப்பின் பெயரைப் பார்க்கிறார்கள், கட்டணத்தைப் பார்க்கிறார்கள், விடுதியைக்கூடப் பார்க்கிறார்கள். பயிற்சி எங்கே என்று கேட்பதில்லை. பட்டமளிப்பு முடிந்தபின் ஊர் ஊராக மருத்துவமனைகளுக்கு விண்ணப்பம் போட்டு, இடம் கிடைக்காமல் ஒன்றரை வருஷம் வீட்டிலிருந்த ஒருவரை நான் அறிவேன். கெட்டிக்காரர், மதிப்பெண்ணில் குறைவில்லை. சான்றிதழ் கையில் இருந்தும் சட்டப்படி அவர் பௌதிகர் அல்லர். அவர் சேர்ந்த கல்லூரி பயிற்சிக்கு எந்த மருத்துவமனையோடும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. ஆதலால் ஓரிடத்தில் பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இப்படிப்பு வாரியத்தின் தகுதி விதிக்குப் பொருந்துகிறதா? சென்ற ஆண்டு முடித்தவர்கள் எந்த மருத்துவமனைகளில் பயிற்சி பெற்றார்கள்? இரண்டாவதற்கு நேரான விடை வராவிட்டால் வேறிடம் பாருங்கள்.

பயிற்சியில் என்ன கற்கிறோம்? மேலே சொன்ன பாரமானிக் கண்ணி போன்றவற்றை. காலையில் முதல் நோயாளி வருமுன் இயந்திரத்தின் வெளியீட்டைச் சோதிப்போம். அன்றாடச் சோதனையில் நூற்றுக்கு மூன்றும், மாதச் சோதனையில் இரண்டும், ஆண்டுச் சோதனையில் ஒன்றும் வரை வேறுபாடு பொறுக்கப்படும். எல்லை தாண்டினால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். வெளியே நாற்பது பேர் காத்திருக்க, நிர்வாகத்தார் கடிகாரத்தைப் பார்க்க, "இன்று மதியம்வரை நடத்த இயலாது" என்று இருபத்தைந்து வயதில் சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். அதை வகுப்பறையில் கற்றுத்தர முடியாது. மூத்தவர் ஒருவர் சொல்லக் கேட்டுத்தான் பழகவேண்டும்.

பயிற்சி முடிந்து பணியில் சேர்ந்தபின் அடுத்த படி, கதிர்ப் பாதுகாப்பு அலுவலர். இதற்குத் தனியே சான்றிதழ்த் தேர்வு உண்டு; கதிர்ச் சிகிச்சைக்கு உரியது அதன் மூன்றாம் நிலை. தேறியவுடன் அலுவலர் ஆகிவிடமாட்டோம். பணியாற்றும் நிறுவனம் பெயரை முன்மொழிய, வாரியம் ஒப்புதல் தரவேண்டும். இப்பதவியின் கனத்தை, தலைநகரில் படிக்கும் நாம் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல வருஷம் பயன்படாமல் கிடந்த கோபால்ட் கதிர்க் கருவி ஒன்று, 2010-இல் ஏலத்தில் பழைய இரும்போடு போய்விட்டது. மாயாபுரிச் சந்தையில் அதை உடைத்தவர்கள் கதிரால் பாதிக்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். அது மருத்துவக் கருவி அன்று. எனினும், ஓரிடத்தில் உள்ள கதிர்மூலங்கள் எத்தனை, எங்கே, எந்நிலையில் என்று கணக்கு வைப்பவர் யார் என்ற கேள்வி எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. எங்கள் இடத்தில் அதற்கு விடை, பாதுகாப்பு அலுவலரின் பெயர்.

அதன்பின் பதவிகள் இடத்துக்கு இடம் மாறுபடும். மருத்துவமனையில் முதுநிலைப் பௌதிகர், தலைமைப் பௌதிகர் என உயரலாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற அணுசக்தித் துறையின் நிறுவனங்களில் விஞ்ஞான அலுவலர் என்ற வரிசை உண்டு. முனைவர் பட்டம் பெற்றால் சில மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியப் பதவிக்கும் வழி திறக்கும். இரண்டு மூன்று வருஷம் பணியாற்றியபின் ஆராய்ச்சியில் இறங்குவோர்க்குத் தலைப்புக்குப் பஞ்சமே இராது. இயந்திரம் விற்கும் நிறுவனங்களுக்குப் போவோரும் உளர். ஊதியம் கூடுதல், பயணமும் கூடுதல். 1976-இல் தொடங்கிய இந்திய மருத்துவப் பௌதிகர் சங்கத்தில் சேர்ந்து அதன் மாநாடுகளுக்குப் போய்வந்தால், எங்கே என்ன நடக்கிறது என்பது தெரியவரும். 2021-இல் நிறைவேறிய இணைநிலை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையிலும் எங்கள் தொழில் இடம்பெற்றிருக்கிறது.

வெளிநாட்டைப் பற்றிக் கேட்பவர்க்குச் சுருக்கமாக: இந்தியத் தகுதியைக் கையில் ஏந்திக்கொண்டு அமெரிக்காவில் அப்படியே பணியில் அமரலாம் என்று எண்ணாதீர்கள். 2014 முதல் அங்கே கதிரியல் வாரியத்தின் சான்றுத் தேர்வு எழுத, அவர்கள் அங்கீகரித்த பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். பிரிட்டனில் மூன்றாண்டு விஞ்ஞானிப் பயிற்சியும், பின்னர்ப் பதிவும் உண்டு. செல்ல நினைப்பவர் இங்கே படிக்கும்போதே திட்டமிடுதல் நலம்.

இத்தொழில் நம் நாட்டுக்குப் புதியதன்று. பாரிஸில் மேரி கியூரியிடம் பயின்ற ராமையா நாயுடு, 1941-இல் திறக்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனையில் பௌதிகராகப் பணியாற்றி, சிகிச்சைக்கான ரேடான் வாயுவைப் பிரித்தெடுக்கும் நிலையத்தை அமைத்தார். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் எழுந்த அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் 1950-களிலேயே கோபால்ட் சிகிச்சையைத் தொடங்கிவிட்டது.

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று பாக்கி. தங்கையர் வீட்டில் அதை இன்னும் அழுத்தமாகக் கேட்கிறார்கள். "கதிரில் வேலை செய்தால் உடம்புக்குக் கேடில்லையா?" நாங்கள் மார்பில் அணியும் சிறு பட்டை, எங்கள் உடலில் சேரும் கதிரின் அளவைப் பதிவு செய்கிறது. பணியாளர்க்கு ஐந்து வருஷத்தில் 100 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30-க்கு மேற்படாமல் என்பது நம் நாட்டின் வரம்பு. சர்வதேசப் பரிந்துரை ஒரு வருஷத்துக்கு 50 வரை இடங்கொடுக்கிறது. நம்முடையது அதைவிடக் கண்டிப்பு. ஒழுங்காக நடக்கும் பிரிவில் பௌதிகரின் பட்டை காட்டுவது இந்த வரம்புக்கு மிகவும் கீழேயே இருக்கும். கருவுற்ற பணியாளர்க்குத் தனி வரம்பு உண்டு. அறிவித்தவுடன் பணியை அதற்கேற்ப மாற்றித்தர நிறுவனம் கடமைப்பட்டது.

நேர்காணலுக்குப் போகுமுன் கதிரியக்கச் சிதைவு, பொருளோடு போட்டானின் வினை, அளவியலின் அடிப்படை ஆகிய மூன்றையும் திரும்பப் படியுங்கள். பழகிக்கொள்ள ஒரு கணக்குத் தருகிறேன். உள்ளுறைக் கதிர்ச் சிகிச்சைக்குப் பயன்படும் இரிடியம்-192 இன் அரை ஆயுள் ஏறக்குறைய 74 நாள். இன்று 10 கியூரி உள்ள மூலம் 37 நாள் கழித்து எவ்வளவு இருக்கும்? பாதிக் காலம் போயிற்று, ஆகவே பாதியில் பாதி குறையும் என்று 7.5 எழுதுவோர் உண்டு. சிதைவு நேர்கோட்டில் நடப்பதன்று. பத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். விடை 7.07. அப்படியானால், இன்று 5 நிமிஷம் பிடிக்கும் அதே சிகிச்சைக்கு அன்று 7.07 நிமிஷம் வேண்டும். அதாவது 7 நிமிஷமும் 4 வினாடியும். 7 வினாடி அன்று.